ஒரே கொட்டாங்குச்சி மை

ஓசூர்
9.1.1997, வியாழன் இரவு

அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் இருக்கிற பெண்களுக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. கிழித்த துண்டுகளை ஒரே குப்பைக் கூடையில் போடாதே. நான் உனக்கு எழுதுகிறேன் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என்னைப் பரீட்சை எழுத விடுவாரோ என்னவோ.

கையெழுத்து கோணலாக இருக்கும். அப்பா நைட் ஷிப்ட் போயிருக்கிறார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி டின்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். அடுத்த அறையில் அம்மா புரளும்போதெல்லாம் பேனாவை மூடிவிடுகிறேன்.

அம்மாவுக்குக் காலில் புண். தீபாவளிக்கு முன்னால் வந்தது. அப்பாவின் கம்பெனி ஷூவில் லேத்து மிஷின் சீவிப் போட்ட இரும்புச் சுருள் ஒன்று ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. அதை அம்மா மிதித்திருக்கிறாள். மிதித்தது அவளுக்கே தெரியவில்லை. தரையில் ரத்தம் பார்த்துவிட்டு, யார் காலில் என்று என்னைத்தான் கேட்டாள். சக்கரை இருப்பவர்களுக்குக் காலில் உணர்ச்சி போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. இப்போது இரண்டு விரல் கறுத்துவிட்டது. வாடை வருகிறது. நான் ஊதுபத்தி கொளுத்தி வைத்தால் அம்மாவுக்குக் கோபம் வருகிறது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "விரலை மட்டும் எடுத்தா ஆகாதா சார்?" என்று நான் கேட்டேன். அவர் திட்டவில்லை. "சதை எதுவரைக்கும் உயிரோட இருக்குன்னு வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாதும்மா. உள்ளே ஆக்ஸிஜன் போகுதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? கொஞ்சம் மேலேயே எடுத்தாத்தான் ஆறும்" என்றார். பிப்ரவரி நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

அவர் ஆக்ஸிஜன் என்று சொன்னதும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. போன வருஷம் என்கூடப் படிக்கிற சுக்ரா வீட்டு மெத்தைக் கடை விலாசத்துக்கு எனக்கு எழுதினாயே, உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் காந்தம் வைத்து, அறுக்காமலே எலியின் காலுக்குள் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று படம் எடுக்கிறோம் என்று. அது உண்மைதானா? எலிக்குத் தெரிந்தால் அம்மாவுக்கும் தெரியும்தானே?

பதிலை அதே விலாசத்துக்கே போடு. சுக்ராவின் அப்பா மெஹபூப் பாஷா, கடைக்கு வரும் மற்றவர் கடிதங்களைப் பிரிப்பதில்லை. சுக்ரா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பாள்.

அம்மா எழுந்துவிட்டாள் போல இருக்கிறது.

முனி

*

பெங்களூர்
14.1.1997

முனி,

கிழித்துவிட்டேன். ஆனால் மனப்பாடம் ஆன பிறகுதான் கிழித்தேன்.

இன்று பொங்கல். விடுதியில் நானும் ஊருக்குப் போக வழியில்லாத இரண்டு மணிப்பூர்ப் பெண்களும்தான் இருக்கிறோம். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. தீபாவளிக்கு முன்னால் வந்த புண்ணை எனக்கு இப்போதுதான் சொல்கிறாய். உன்மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? மாமாவைக் கட்ட மாட்டேன், மேலே படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்றைக்கு, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அப்பா சொன்னார். அவர் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாளே, ஒரு வார்த்தை பேசாமல். அதுதான் இரண்டு வருஷமாக எனக்கு ஆறவில்லை.

சரி. நீ கேட்டதற்கு வருகிறேன்.

உண்மைதான். ஆனால் நீ நினைப்பது போல எக்ஸ்ரே மாதிரி இல்லை. மிக நுண்ணிய கரித்தூளை ஊசியால் எலியின் தசைக்குள் செலுத்துவோம். கரியைக் காந்தத்துக்கு நடுவில் வைத்து ரேடியோ அலையை அனுப்பினால் அது ஒரு பதில் கொடுக்கும். அந்தப் பதில் திரையில் ஒரு கோடாக எழும்பும். பக்கத்தில் ஆக்ஸிஜன் இருந்தால் அந்தக் கோடு பருத்துவிடும். ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் ஊசி மாதிரி மெலிந்து நிற்கும். காந்தத்தின் பலத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால், எந்தக் கோடு எந்த இடத்திலிருந்து வருகிறது என்றும் தெரியும். அதை வைத்து வரைவதுதான் படம்.

மனிதர்களுக்கு நாங்கள் செய்ததில்லை. அம்மாவின் புண் காலில் கரித்தூளை ஏற்றவும் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் முடியாது என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

படுத்த பிறகு ஞாபகம் வந்தது. அம்மாவின் காலில்தான் ஏற்கெனவே கரி இருக்கிறதே! வலது கணுக்காலைச் சுற்றிப் பச்சைப் புள்ளிகள். பச்சை என்று சொல்கிறோம், உள்ளே இருப்பது கரிதான். வெளிநாட்டில் யாரோ பச்சை குத்தியிருந்த ஒருவரின் கையில் இப்படி அளந்து பார்த்ததாக எங்கள் ஸார் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

நீ ஒன்று செய். புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் கால் வரைந்து குறி. ஒரு நூலால் பாதத்தின் அகலம், உயரம், கணுக்காலின் சுற்று எடுத்து அனுப்பு. எங்கள் காந்தத்தின் இடைவெளி எலிப்பெட்டிக்காகச் செய்தது. பாதம் உள்ளே போகுமா என்றே தெரியாது. அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிடுங்குவது பாவம்.

அக்கா

*

ஓசூர்
18.1.1997, இரவு

அக்கா,

சொல்லாதே என்றாய். சொல்லும்படி ஆகிவிட்டது.

அம்மா தூங்கிய பிறகு நூலை எடுத்துக்கொண்டு போனேன். காலில் உணர்ச்சிதான் இல்லையே, தெரியாது என்று நினைத்தேன். கணுக்காலைச் சுற்றி நூலை இழுக்கும்போது மேலே இருந்து குரல் வந்தது. "இன்னாடி, பொணத்துக்கா அளவெடுக்கற?"

நான் அழுதுவிட்டேன். அழுகையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன் பெயர் உட்பட. உன் பெயரைச் சொன்னதும் அம்மா போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள். பிறகு, "எலிய வெச்சுப் பாக்கற மிஷின்லயா என்னையப் போடப் போறா?" என்றாள். "அதுல எலி செத்துப் போவுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அது செத்துப் போகுமா அக்கா?

நூல்களை முடிச்சுப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீளமானது கணுக்கால், நடுத்தரமானது அகலம், சின்னது உயரம். புள்ளிகள் படத்தில் இருக்கின்றன. கணுக்காலைச் சுற்றி மூன்று. பாதத்தின் மேலே நடுவில் ஒன்று. கறுத்த விரல்களுக்குச் சற்றுப் பின்னால் ஒன்று. கல்யாணத்துக்கு முந்தின மாதம் ஓசூர்த் தேர்க் கூட்டத்தில் கால் பிசகி வீங்கிவிட்டதாம். வலி இறங்கும் என்று பச்சை குத்துகிற அம்மாள் ஒருத்தி அங்கேயே உட்கார வைத்து நரம்பு பார்த்துக் குத்தினாளாம். அம்மாவுக்கு உடம்பில் வேறெங்கும் பச்சை இல்லை.

பெங்களூருக்கு எப்படி வருவது என்று யோசித்தேன். பஸ்ஸில் அம்மாவால் உட்கார முடியாது. டெம்போ வைத்திருப்பது கிருஷ்ணப்பன் மாமாதான். தளியிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு தினமும் பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகிறார். ஆனால் நீ வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளையிடம் உன்னைப் பார்க்கப் போக வண்டி கேட்பது எப்படி? கேட்டேன். தலை குனிந்துகொண்டே கேட்டேன். மாமா ஸ்டீரிங்கைத் தட்டிக்கொண்டே, "உங்கக்கா என்னையத்தானே வேணாம்னா, என் டெம்போவையுமா வேணாம்னா?" என்றார். பிறகு, "அவ என்னைய வேணாம்னு சொன்னது சரி. எங்கக்காவுக்குக் காலு வேணும்" என்றார்.

ஆனால் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அப்பா தினமும் ஒரே கதையைச் சொல்கிறார். அவருடைய கம்பெனியில் கோவிந்தப்பன் என்று ஒருவர் இருந்தாராம். காலை எடுக்கச் சொன்ன டாக்டரை விட்டுவிட்டு, மூலிகை, கட்டு என்று அலைந்து நாளைக் கடத்தினாராம். விஷம் உடம்பெல்லாம் ஏறிச் செத்துப்போனாராம். "இன்னொரு யோசனை சொல்ற வாயை ஒடைப்பேன்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதும் சரிதானே? நான் செய்வதும் அந்த மூலிகைக்காரர் செய்ததும் ஒன்றுதானா? என்னால் நாள் தள்ளிப்போய் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இன்னொன்று. கோடு பருத்தால் நல்லதா, மெலிந்தால் நல்லதா? நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தும் மாறி மாறிப் போகிறது.

முனி

*

பெங்களூர்
22.1.1997

முனி,

பருத்தால் நல்லது. மூச்சு வாங்கி நெஞ்சு விரிவது போல நினைத்துக்கொள்.

எலி சாகாது. வெளியே எடுத்தால் என்னைக் கடிக்கும், அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்.

உன் நூல்களைக் காந்தத்தின் இடைவெளியில் பிடித்துப் பார்த்தேன். பாதம் போகும், மயிரிழைதான். ஸாரிடம் கேட்டேன். முதலில் மாட்டேன் என்றார். பிறகு நீ வரைந்த காலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நிபந்தனையோடு சரி என்றார். ஊசி, மருந்து எதுவும் கிடையாது, வெளியிலிருந்து பார்ப்பது மட்டும். என்ன தெரிந்தாலும் அதை வைத்து நாமாக முடிவு எடுக்கக் கூடாது. அவரோடு சேர்ந்து வேலை செய்யும் பெரிய ஆஸ்பத்திரி சர்ஜன் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பார்த்துச் சொல்வார். நான்காம் தேதி செவ்வாய்க்கிழமைக்குள் முடியாவிட்டால் ஓசூர் டாக்டர் சொன்னபடியே நடக்கட்டும். நீ மூலிகைக்காரர் இல்லை. நாம் நாளைத் தள்ளப் போவதில்லை. இதை நீ தினமும் உனக்கே சொல்லிக்கொள்.

குடியரசு தினத்தன்று வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, கூடம் காலியாக இருக்கும்.

காலில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. கொலுசு, மெட்டி இரண்டும் கழற்ற வேண்டும். மெட்டி விஷயத்தில் அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வேறு வழியில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. படம் வருமா வராதா என்றல்ல. அம்மா என்னைப் பார்த்ததும் அன்றைக்கு மாதிரியே பேசாமல் நின்றுவிட்டால் நான் என்ன செய்வேன் என்று.

அக்கா

*

ஓசூர்
27.1.1997, இரவு

அக்கா,

நேற்று நீ ஏன் எதுவும் சொல்லாமல் வெளியே போய்விட்டாய்? படம் வந்ததா வரவில்லையா? வழியெல்லாம் அம்மா என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

அப்பாவிடம் தளியில் பாட்டன் வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தோம். அவருக்கு ஓவர்டைம். கொத்தமல்லிக் கட்டுக்கும் கோஸ் மூட்டைக்கும் நடுவில் பாய் விரித்து அம்மாவைப் படுக்க வைத்தோம். அத்திப்பள்ளி செக்போஸ்டில் போலீஸ்காரர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டார். மாமா கன்னடத்தில் ஏதோ சொன்னார். அம்மா உள்ளேயிருந்தே, "நானும் காய்தான்னு சொல்லு, கெட்டுப் போறதுக்குள்ள விடச் சொல்லு" என்றாள். போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியும் போல. சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

நீ வாசலில் நின்றிருந்தாய். அம்மா உன்னை மேலும் கீழும் பார்த்தாள். நீ என்ன எதிர்பார்த்தாயோ தெரியாது. "இன்னும் நகத்தைக் கடிக்கறியாடி?" என்று கேட்டாள். நீ கையைப் பின்னால் மறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மெட்டிக்கு அவ்வளவு சண்டை வரும் என்று நான் நினைக்கவில்லை. "அவரு உசுரோட இருக்கறப்ப நான் எப்படிக் கழட்டுவேன்?" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். ஸார் தமிழ் புரியாமல் உன்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய். "சும்மாயிரு அக்கா" என்று மாமா ஒரு அதட்டல் போட்டு, டெம்போவிலிருந்து கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து, வீங்கின விரலில் பதிந்துபோன வெள்ளியை மெல்ல அறுத்தார். அறுத்த இடத்தில் நீ மஞ்சள் நூல் கட்டினாய். அம்மா உன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ குனிந்திருந்ததால் உனக்குத் தெரிந்திருக்காது.

பாதத்தை உள்ளே வைத்த பிறகு எனக்கு எதுவும் விளங்கவில்லை. டப்டப் என்று சத்தம் வரும் என்று நினைத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. திரையில் கோடு எழுந்தது. கணுக்காலில் குண்டாக இருந்தது, அது நல்லது என்று எண்ணிச் சந்தோஷப்பட்டேன். விரலுக்குப் பக்கத்துப் புள்ளியில் மெலிந்து வந்தது. நடுப் புள்ளியில் குண்டும் இல்லை ஒல்லியும் இல்லை. ஸார் ஒரு தடவை தலையை ஆட்டினார். மறுபடியும் எடுக்கச் சொன்னார். மறுபடியும் அதேதான் வந்தது. அப்போதுதான் நீ எழுந்து வெளியே போனாய். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாய். "எழுதறேன்" என்று மட்டும் சொன்னாய்.

திரும்பி வரும்போது டெம்போவில் மாமா பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார், அம்மா அழாமல் இருக்க. "அன்னைக்குத் தேரு கூட்டத்துல பச்சை குத்த மாட்டேன்னு எப்படிக் கத்தின, ஞாபகம் இருக்கா?" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது நிச்சயம் மட்டும்தான் ஆகியிருந்ததாம். அம்மா காலைக் கொடுக்க மாட்டேன் என்று அழுததும் அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு, "வலிக்காது புள்ள, பாரு" என்று தன் கையை முதலில் நீட்டினாராம். அவருக்கு ஒரு தேள் பச்சை குத்திவிட்டு, மிச்சம் இருந்த மையில்தான் அம்மாவுக்குக் குத்தினார்களாம். "ஒரே கொட்டாங்குச்சி மை. அவரு பல்லைக் கடிச்சுக்கினு கண்ணுல தண்ணி வுடறாரு, வாயி மட்டும் வலிக்கல வலிக்கலங்குது" என்று அம்மா சொன்னாள். அப்பாவின் இடது கையில் இருக்கும் தேள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அதன் கொடுக்கு பாதி அவருடைய செம்புக் காப்புக்குள் மறைந்திருக்கும்.

அம்மா இரண்டு நாளாகக் காலைப் போர்வைக்குள்ளேயே வைத்திருக்கிறாள், அப்பா கண்ணில் படாமல். சீக்கிரம் எழுது. நல்லது என்றாலும் எழுது, கெட்டது என்றாலும் எழுது. தெரியாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இனிமேல் மாமாவிடமே கொடுத்தனுப்பு. தபாலுக்கு நேரமில்லை.

முனி

*

பெங்களூர்
29.1.1997

முனி,

மன்னித்துக்கொள். என்ன சொல்வதென்று தெரியாததால்தான் சொல்லாமல் விட்டேன். படம் வந்தது. அதை எப்படிப் படிப்பது என்றுதான் தெரியவில்லை.

கணுக்காலில் உயிர் இருக்கிறது, அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. விரல்கள் போய்விட்டன. எல்லாமே அந்த நடுப் புள்ளியில் இருக்கிறது. அந்த இடத்தில் சதை உயிரோடு இருந்தால் விரல்களை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று சர்ஜன் சொல்கிறார். இல்லாவிட்டால் ஓசூர் டாக்டர் சொன்னதுதான் சரி.

குண்டும் இல்லை ஒல்லியும் இல்லை என்று எழுதினாயே, அதேதான் எங்கள் திண்டாட்டமும். எவ்வளவு பருத்தால் எவ்வளவு ஆக்ஸிஜன் என்பது கரிக்குக் கரி மாறும். விளக்குக் கரி ஒரு மாதிரி, பானைக் கரி ஒரு மாதிரி. நாங்கள் எலிக்கு ஏற்றும் கரிக்கு எங்களிடம் கணக்கு இருக்கிறது. அம்மாவின் கரிக்குக் கணக்கு இல்லை. ஆமணக்கெண்ணெய் விளக்கு, மண்ணெண்ணெய் விளக்கு என்று இரவெல்லாம் கரி பிடித்து அளந்து பார்த்தேன். எதுவும் ஒத்துவரவில்லை. பச்சை குத்திய அந்த அம்மாள் எதைக் கரியாக்கினாளோ, எந்த இலைச்சாற்றில் குழைத்தாளோ! அம்மாவின் காலை இறுக்கிக் கட்டி, ரத்தத்தை நிறுத்திச் சோதிப்பதும் ஆபத்து.

அப்போதுதான் மாமா உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தேளைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் கூடத்துக்கு ஓடினேன்.

அதே நாள், அதே மை. நல்ல ரத்த ஓட்டம் உள்ள ஒரு கையில். முனி, அந்தக் கை மட்டும் எங்கள் காந்தத்துக்குள் வந்தால் போதும். முதலில் சும்மா வைத்து அளப்போம். ஆரோக்கியமான சதையில் அந்தக் கரி எவ்வளவு பருக்கும் என்று தெரிந்துவிடும். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டிச் சில நிமிஷம் ஓட்டத்தை நிறுத்துவோம். மூச்சில்லாத சதையில் எவ்வளவு மெலியும் என்று தெரிந்துவிடும். இரண்டு முனையும் கிடைத்தால், அம்மாவின் நடுப் புள்ளி எந்த முனைக்குப் பக்கம் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். தேளில் கிடைப்பது கைத்தோலின் கணக்கு, பாதத்துக்கும் அதுவே அப்படியே பொருந்துமா என்று ஸார் சந்தேகப்படுகிறார். ஆனாலும் இப்போது கைக்குள் ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல் என்கிறார்.

திங்கட்கிழமை காலை சர்ஜன் இங்கே வருகிறார். அதற்குள் அப்பா வர வேண்டும்.

நான் கேட்டால் அவர் வர மாட்டார். என் பெயர் வந்தாலே வர மாட்டார். நீதான் கேட்க வேண்டும். பதினைந்து வயசுப் பிள்ளையின் தலையில் இதைச் சுமத்துகிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

கையிலும் உலோகம் இருக்கக் கூடாது. கடிகாரம், காப்பு, எதுவும்.

அக்கா

*

ஓசூர்
1.2.1997, சனி இரவு

அக்கா,

இதையும் யாருக்கும் காட்டாதே. எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எல்லாம் கெட்டுப் போய்விட்டது என்று நினைக்கிறேன். கெட்டுப் போகவில்லையோ என்றும் நினைக்கிறேன். விடியற்காலை மாமா டெம்போவில் போகும்போது இதை வாங்கிக்கொள்வார்.

நேற்றும் முந்தா நாளும் அப்பாவிடம் பேச வாயெடுத்தேன். வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நிற்பேன். "இன்னா?" என்பார். "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இன்று சாயங்காலம் அவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அம்மா போர்வையை உதறினாள். கால் வெளியே தெரிந்துவிட்டது. மெட்டி இருந்த இடத்தில் மஞ்சள் நூல்.

அப்பா டிபன் டப்பாவைக் கீழே வைத்தார். "எங்கடி மெட்டி?" என்றார். அம்மா போர்வையைத் திரும்ப இழுக்கவில்லை. "நான் இன்னா செத்தா போயிட்டேன்? யாரு கழட்டுனது?"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அம்மா பழையபடி பேசாமல் இருந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அக்கா, அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "எம் பெரிய பொண்ணு கழட்டுனா. ஜோதி கழட்டுனா. அவகிட்டத்தான் போயி வந்தேன். அன்னைக்கு நான் வாயத் தொறக்காம நின்னது போதும்" என்றாள். அப்படியே சொன்னாள். நீ நம்ப மாட்டாய் என்றுதான் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்.

அப்பா கத்துவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கத்தவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "கோவிந்தப்பனுக்கும் இப்படித்தான்டி, அங்க போ இங்க போன்னு…" என்று ஆரம்பித்தார். குரல் ஏறவில்லை. "என் ஷூல வந்ததுடி அது. என் ஷூல வந்தது. உன்னையும் தூக்கிக் குடுத்துட்டு நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். அந்த இரும்புச் சுருளை அவர் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. கம்பெனி ஷூவை ஏன் தெருவிலேயே கழற்றிவிட்டு வருகிறார் என்று இப்போதுதான் புரிகிறது.

அப்போது நான் சொல்லிவிட்டேன். வரிசையாக வரவில்லை. குண்டுக் கோடு, ஒல்லிக் கோடு, நடுப் புள்ளி, கரிக்குக் கணக்கில்லை, அப்பா கையில் இருக்கிற தேள்தான் வேண்டும், காப்பைக் கழற்ற வேண்டும், திங்கட்கிழமை, நாள் தள்ளிப் போகாது, ஆபரேஷன் செவ்வாய்க்கிழமைதான், அதில் மாற்றம் இல்லை என்று எல்லாம் ஒன்றாகக் கொட்டிவிட்டேன். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. எனக்கே விளங்கவில்லை. "ஒரே மையிங்கப்பா, ஒரே கொட்டாங்குச்சி மை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் சட்டைக் கையை மேலே இழுத்துத் தேளைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். சங்கு ஊதியது. எழுந்து போய்விட்டார். டிபன் டப்பா இங்கேயே இருக்கிறது. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உன் பெயரைச் சொன்னபோது திட்டவில்லை. அதை நல்லது என்று எடுத்துக்கொள்வதா, கோபம் உள்ளே போய்விட்டது என்று எடுத்துக்கொள்வதா? உன் நடுப் புள்ளி மாதிரியே இருக்கிறார்.

அவர் வராவிட்டால் நீ என்ன செய்வாய்? தேளை மட்டும் காகிதத்தில் வரைந்து அனுப்பினால் பிரயோசனம் இல்லைதானே? முட்டாள்தனமாகக் கேட்கிறேன் என்று தெரிகிறது. அம்மா தூங்கவில்லை. கூரையைப் பார்த்தபடி, "ஜோதி மஞ்சள் நூலை இறுக்கிக் கட்டிட்டா" என்கிறாள். அவிழ்க்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறாள். அந்த விரலில்தான் உணர்ச்சியே இல்லையே, இறுக்கம் எப்படித் தெரியும்?

அக்கா, யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

ஷிப்ட் விடும் சங்கு இன்னும் ஊதவில்லை. மாமாவாக இருந்தால் டெம்போ சத்தம் கேட்டிருக்கும். பலமாகத் தட்டவில்லை. விளக்கை அணைக்கலாமா என்று பார்க்கிறேன். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா குரல். கதவில் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசுகிறார். "முனி, தெரியும், அக்காவுக்குத்தான் எழுதிக்கினு கீறே. கதவத் தொற. சோப்பு எடுத்துக்கினு வா. இந்தக் காப்பு கழல மாட்டேங்குது."

அக்கா, அப்பா…